இசை மென்பொருளிலிருந்து மிடி கோப்பை ஏற்றுமதி செய்தல்

மிடி கோப்பு ஏற்றுமதி என்பது, இசைத் தயாரிப்பு மென்பொருளில் உருவாக்கிய ஓர் இசையின் சுரங்கள், அவை ஒலிக்கும் நேரம், நீளம், அழுத்தம் முதலிய விவரங்களை எல்லா மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொதுத்தரக் கோப்பாக வெளியே எடுப்பது ஆகும். இவ்வாறு கிடைக்கும் கோப்பின் பெயர் '.மிட்' என்னும் பின்னொட்டுடன் முடியும். ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, லாஜிக் புரோ, கியூபேஸ், ரீப்பர், புரோ டூல்ஸ் முதலிய மென்பொருள்கள் யாவற்றிலும் இவ்வசதி உண்டு. ஒவ்வொன்றிலும் கட்டளையின் பெயரும் இடமும் வேறுபடும்.

கட்டளையைக் கண்டுபிடிப்பது எளிது. எந்த விவரம் கோப்புடன் செல்கிறது, எது மென்பொருளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதை அறிந்து அதற்கேற்ப முன்கூட்டியே ஆயத்தம் செய்வதுதான் இதில் முக்கியமானது. இதை அறியாமல் ஏற்றுமதி செய்தால், வெறுமையான கோப்போ, பியானோ ஒலியில் முழங்கும் தாளக்கருவியோ, வேகம் மாறிப்போன பாடலோ கிடைக்கும்.

மிடி கோப்பில் இருப்பது என்ன?

மிடி கோப்பில் ஒலி இல்லை. ஒலியை எழுப்புவதற்கான கட்டளைகள் மட்டுமே உள்ளன. கச்சேரியின் ஒலிப்பதிவுக்கும் அதே கீர்த்தனையின் சுரதாளக் குறிப்புக்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. ஒலிப்பதிவில் பாடகரின் குரல் இருக்கும். சுரதாளக் குறிப்பில் எந்தச் சுரம், எத்தனை அட்சரம் என்பது மட்டும் இருக்கும். அக்குறிப்பைக் கொண்டு வேறொருவர் வேறொரு கருவியில் அதை வாசிக்கலாம். எம்பி3, வேவ் ஆகிய கோப்புகள் முதல் வகை. மிடி கோப்பு இரண்டாம் வகை.

ஒரு சுரத்தைத் தொடங்குவதற்கான மிடி கட்டளை மூன்று எண்களால் ஆனது. 144, 60, 100 என்னும் எண்களை எடுத்துக்கொள்வோம். 144 என்பது 'முதலாம் சேனலில் ஒரு சுரத்தைத் தொடங்கு' என்று பொருள்படும். 60 என்பது பியானோவின் நடு 'சி' சுரத்தைக் குறிக்கும். 100 என்பது விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்பதைக் காட்டும். இதற்கு வெலாசிட்டி என்று பெயர். சுரத்தை நிறுத்த 128 எனத் தொடங்கும் மற்றொரு கட்டளை அனுப்பப்படும். சுர எண்கள் 0 முதல் 127 வரை 128 உள்ளன. வெலாசிட்டியின் அளவும் 127 வரையே. ஒரு மிடி இணைப்பில் 16 சேனல்கள் உண்டு.

ஒவ்வொரு கட்டளைக்கும் முன், முந்தைய கட்டளைக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். அந்த நேரம் 'டிக்' என்னும் அலகில் எண்ணப்படுகிறது. ஓர் அடிக்கு 480 டிக் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடியின் நீளம் அரை நொடி. ஒரு டிக் ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. இதையே 96 டிக் என்று குறைத்தால் ஒரு டிக்கின் நீளம் 5 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடும். வாசித்தவரின் நுட்பமான முந்தல் பிந்தல்கள் அதில் மழுங்கக்கூடும். எனவே ஏற்றுமதியின்போது இந்த எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் 480 அல்லது 960 நல்லது.

கட்டளைகள் மட்டுமே இருப்பதால் கோப்பு மிகச் சிறியது. குறுவட்டுத் தரத்தில் மூன்று நிமிட ஒலிப்பதிவு ஏறத்தாழ 32 மெகாபைட் இருக்கும். மூவாயிரம் சுரங்கள் கொண்ட மூன்று நிமிட மிடி கோப்பு முப்பது கிலோபைட் அளவில் அடங்கிவிடும்.

வரலாறு

1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவியும் தனக்கென ஓர் இணைப்பு முறையைக் கொண்டிருந்தது. ஒன்று மற்றொன்றுடன் பேசாது. இந்நிலையை மாற்ற, சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றிய செட் உட்டும் 1981இல் ஒரு பொது இணைப்பு முறையை முன்மொழிந்தனர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ ககெஹாஷியும் அதே நோக்கில் முயன்றுவந்தார். யமஹா, கோர்க், கவாய் ஆகிய நிறுவனங்களும் சேர்ந்துகொள்ள, மிடி என்னும் பொதுமுறை பிறந்தது. 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு இயக்கிக் காட்டப்பட்டன. ஸ்மித், ககெஹாஷி இருவருக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

கருவிகள் பேசத் தொடங்கினாலும், கணினியில் சேமித்த இசை அந்தந்த மென்பொருளுக்குள்ளேயே அடைபட்டிருந்தது. இதற்குத் தீர்வாக 1988இல் மிடி கோப்புக்கான பொதுத்தரம் ஏற்கப்பட்டது. இதன் மூல வடிவத்தை உருவாக்கியது ஆப்கோட் சிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். 1991இல் வந்த 'ஜெனரல் மிடி' என்னும் தரம், எந்த எண்ணுக்கு எந்தக் கருவி என்பதைப் பொதுவாக வரையறுத்தது.

ஆப்கோட்டின் பிற்கால வரலாறு ஒரு பாடமாக அமைந்தது. விஷன், ஸ்டுடியோ விஷன் ஆகியவை அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற மென்பொருள்கள். 1998இல் கிப்சன் நிறுவனம் ஆப்கோட்டை வாங்கியது. சிறிது காலத்திலேயே அம்மென்பொருள்களின் வளர்ச்சிப் பணி நின்றுபோனது. அவற்றின் சொந்த வடிவில் சேமிக்கப்பட்ட பாடல்களை இன்றைய கணினியில் நேரடியாகத் திறக்க வழியில்லை. அதே மென்பொருளிலிருந்து அதே நாளில் மிடி கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்திருந்தால், அக்கோப்பு இன்றும் எந்த மென்பொருளிலும் திறக்கும். நிறுவனம் மறைந்தது, அது உருவாக்கிய பொதுவடிவம் நிலைத்தது.

ஏற்றுமதி எப்போது தேவைப்படுகிறது?

மென்பொருள் மாறும்போது முதலில் தேவைப்படுகிறது. வீட்டில் எஃப்எல் ஸ்டுடியோவில் மெட்டமைத்தவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் புரோ டூல்ஸ் அல்லது லாஜிக் புரோவில் வேலையைத் தொடர வேண்டியிருக்கும். ஒரு மென்பொருளின் திட்டக் கோப்பு மற்றொன்றில் பொதுவாகத் திறக்காது.

அடுத்து, வாசிப்பவர்களுக்கு மேலைமுறைச் சுரத்தாள் அச்சிட வேண்டும்போது தேவைப்படுகிறது. மியூஸ்ஸ்கோர் போன்ற சுரத்தாள் மென்பொருள்கள் மிடி கோப்பைப் படித்துச் சுரக்கோடுகளில் எழுதித் தரும். பயிற்சிக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைக்கவும் சுருதியை மாற்றவும் மிடி கோப்பு வசதியானது. சுரங்கள் கட்டளைகளாக இருப்பதால் ஒலித்தரம் கெடாமலே இவற்றைச் செய்யலாம்.

யாவற்றிலும் முதன்மையானது பாதுகாப்பு. திட்டக் கோப்பு திறக்க வேண்டுமானால் அதே மென்பொருள், அதே பிளக்-இன்கள், அவற்றின் உரிமங்கள், அவற்றை ஏற்கும் இயங்குதளம் ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைய வேண்டும். பத்தாண்டுகள் கழித்து அவற்றுள் ஒன்று குறைந்தாலும் மெட்டு கைக்கு எட்டாமல் போகலாம். மிடி கோப்புக்கு இத்தகைய சார்பு இல்லை.

கோப்புடன் செல்பவை

சுரங்கள், அவற்றின் தொடக்கமும் முடிவும், வெலாசிட்டி ஆகியவை எப்போதும் செல்லும். விசைப்பலகையில் வாசித்தபோது பதிவான மிதிகட்டை, மாடுலேஷன் சக்கரம், பிட்ச் பெண்ட் சக்கரம் ஆகியவற்றின் அசைவுகளும் மிடி கட்டளைகளே என்பதால் அவையும் செல்லும். தடத்தின் பெயர், பாடலின் வேகம், தாள அளவு ஆகியவற்றுக்குக் கோப்பில் இடம் உண்டு. ஆயினும் சில மென்பொருள்கள் இவற்றை எழுதுவதற்குத் தனியாக ஒரு தேர்வைக் குறிக்கச் சொல்லும். தனிக் கிளிப்பை மட்டும் ஏற்றுமதி செய்யும்போது இவை விடுபடக்கூடும். வேகம் குறிக்கப்படாத கோப்பு நிமிடத்துக்கு 120 அடி என்றே கொள்ளப்படும். 72 அடி வேகத்தில் அமைத்த பாடல் மறுமுனையில் விரைந்து ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

கோப்புடன் செல்லாதவை

1. ஒலிப்பதிவுகள். பாடகரின் குரல், ஒலிவாங்கியில் பதிந்த வயலின், இழுத்துப் போட்ட ஒலித்துண்டுகள் ஆகியவை மிடி கோப்பில் சேரா. எம்பி3 பாடலை ஏற்றுமதிக் கட்டளையால் மிடியாக்க முடியாது. ஒலியை ஆராய்ந்து சுரங்களை ஊகிக்கும் வசதி ஏபிள்டன் லைவ் போன்ற சிலவற்றில் உண்டு. அது வேறு செயல். அதன் முடிவைக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

2. கருவியின் ஒலி. எந்த பிளக்-இன், எந்த ஒலியமைப்பு என்பது கோப்பில் இராது. மறுமுனையில் பெரும்பாலும் பியானோ ஒலியே முதலில் கேட்கும்.

3. எதிரொலி, கம்ப்ரசர், சமன்படுத்தி முதலிய ஒலிவிளைவுகள்.

4. கலவைப் பலகையில் வரைந்த ஒலியளவு மாற்றங்கள். இவை மென்பொருளின் சொந்தக் கணக்கு. மிடியில் ஒலியளவுக்கு 7ஆம் எண்ணும், வெளிப்பாட்டுக்கு 11ஆம் எண்ணும் உடைய கட்டளைகள் உள்ளன. அவ்வடிவில் எழுதிய மாற்றங்கள் செல்லும்.

5. வாசிக்கும் கணத்தில் மட்டும் சேர்க்கப்படும் மாற்றங்கள். ஆர்பெஜியேட்டர் என்னும் கருவி மூன்று சுரங்களை அழுத்தினால் முப்பது சுரங்களாக ஓட்டும். பதிவில் இருப்பது அந்த மூன்றே. தடத்தின் அமைப்பில் சுருதியை உயர்த்தியிருந்தாலும், தாளத்துக்கு அசைவு தரும் குரூவ் அமைப்பைச் சேர்த்திருந்தாலும் இதே நிலைதான். ஒன்று கட்டையில் சட்சமம் வைத்து வாசித்து, கருவியின் அமைப்பில் ஐந்து கட்டைக்கு உயர்த்தியிருந்தால், கோப்பில் சட்சமம் 60 என்றே எழுதப்பட்டிருக்கும். பாடகர் எதிர்பார்த்த ஐந்து கட்டை மறுமுனையில் கேட்காது.

ஏற்றுமதிக்கு முன் செய்ய வேண்டியவை

திட்டத்தை வேறொரு பெயரில் நகல் எடுத்து, நகலில் மட்டுமே பின்வரும் வேலைகளைச் செய்ய வேண்டும். மூலத் திட்டம் தொடப்படாமல் இருக்கட்டும்.

முதலில், மேலே ஐந்தாவதாகக் கூறிய தற்காலிக மாற்றங்களை நிரந்தரமாக்க வேண்டும். கியூபேஸில் இதற்கு 'ஃப்ரீஸ் மிடி மாடிஃபையர்ஸ்' என்னும் கட்டளை உண்டு. ஏபிள்டன் லைவில் குரூவ் அமைப்பைக் 'கமிட்' செய்ய வேண்டும். ஆர்பெஜியேட்டரின் ஓட்டத்தை மற்றொரு மிடி தடத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து, திரும்பத் திரும்ப ஒலிக்குமாறு அமைத்த பகுதிகளை உண்மையான நகல்களாக மாற்றிக்கொள்வது நல்லது. ஒரு தடத்தில் பல துண்டுகள் இருந்தால் ஒன்றாக இணைக்க வேண்டும். பாடலின் தொடக்கத்தில் ஓர் ஆவர்த்தனம் வெறுமையாக விடுவதும் நல்ல வழக்கம். கருவி மாற்றம் முதலிய ஆயத்தக் கட்டளைகள் அவ்விடத்தில் அமையும். முதல் சுரம் தடுமாறாது.

தடங்களுக்குத் தெளிவான பெயர் சூட்ட வேண்டும். மிடி கோப்பின் எழுத்துப் பகுதிகள் அடிப்படை ஆங்கில எழுத்துகளைக் கருதியே வகுக்கப்பட்டன. தமிழில் இட்ட பெயர்கள் சில மென்பொருள்களில் சிதைந்து தெரியக்கூடும். எனவே தடப்பெயர்களை ஆங்கில எழுத்தில் தருவது பாதுகாப்பானது.

சுரத்தாள் அச்சிடுவதற்காக ஏற்றுமதி செய்தால், சுரங்களைத் தாளக்கட்டத்துக்குள் நேர்செய்யும் குவாண்டைஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும். கால அளவி இல்லாமல் மனம்போல வாசித்ததை அப்படியே கொடுத்தால் பக்கம் முழுதும் நுண்சுரங்களும் இணைப்புக் கோடுகளுமாகவே வரும். வாசிப்பின் உயிர்ப்பு வேண்டுமானால் நேர்செய்யாத கோப்பு ஒன்றையும் தனியே எடுத்து வைக்கலாம்.

வகை 0, வகை 1

ஏற்றுமதிப் பெட்டியில் வகை 0, வகை 1 என்னும் தேர்வு காணப்படலாம். வகை 0 எல்லாச் சுரங்களையும் ஒரே தடத்தில் சேர்த்து எழுதும். சேனல் எண்ணைக் கொண்டுதான் கருவிகளைப் பிரித்தறிய முடியும். வகை 1 ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே வைக்கும். மற்றொரு மென்பொருளில் வேலையைத் தொடரவும், சுரத்தாள் எழுதவும், பாதுகாத்து வைக்கவும் வகை 1 ஏற்றது. பழைய விசைப்பலகைகள் சில வகை 0 கோப்பை மட்டுமே வாசிக்கும். தனித்தனிப் பாடல்துண்டுகளை ஒரே கோப்பில் வைக்கும் வகை 2 என்பதும் தரத்தில் உண்டு. அது வழக்கில் அரிது.

மென்பொருள்வாரியாக வழிமுறை

எஃப்எல் ஸ்டுடியோ: இம்மென்பொருள் 'மிடி அவுட்' வகைச் சேனல்களை மட்டுமே மிடி கோப்பில் எழுதும். சாதாரணத் திட்டத்தை நேரே ஏற்றுமதி செய்தால் சுரங்களற்ற கோப்பே கிடைக்கும். எனவே திட்டத்தை வேறு பெயரில் சேமித்தபின், 'டூல்ஸ்' பட்டியில் 'மேக்ரோஸ்' என்பதன்கீழ் உள்ள 'பிரிப்பேர் ஃபார் மிடி எக்ஸ்போர்ட்' கட்டளையை இயக்க வேண்டும். பிறகு 'ஃபைல்' பட்டியில் 'எக்ஸ்போர்ட்' வழியாக 'மிடி ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஆயத்தக் கட்டளை எல்லாக் கருவிகளையும் நீக்கி மிடி அவுட்டாக மாற்றிவிடும். அதன்பின் மூலத் திட்டத்தின் மீதே சேமித்துவிட்டால் கருவிகளும் அவற்றின் ஒலியமைப்புகளும் பறிபோகும். நகல் எடுக்கச் சொல்வதன் முதற்காரணம் இதுவே.

ஏபிள்டன் லைவ்: ஒரு நேரத்தில் ஒரு மிடி கிளிப்பை மட்டுமே ஏற்றுமதி செய்ய முடியும். வரிசைப் பார்வையில் ஒரு தடத்தின் கிளிப்புகள் அனைத்தையும் தேர்ந்து 'கன்சாலிடேட்' கட்டளையால் ஒன்றாக்கி, 'எக்ஸ்போர்ட் மிடி கிளிப்' என்பதைக் கொடுக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு தடத்துக்கும் செய்ய வேண்டும். எல்லாக் கிளிப்புகளும் பாடலின் முதல் ஆவர்த்தனத்திலிருந்தே தொடங்குமாறு வெற்றிடத்தையும் சேர்த்து ஒன்றாக்கினால், மறுமுனையில் அவை தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தும்.

லாஜிக் புரோ: வேண்டிய மிடி பகுதிகளைத் தேர்ந்து, 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'செலக்ஷன் அஸ் மிடி ஃபைல்' என்னும் வரிசையில் செல்ல வேண்டும். ஒரே பகுதியைத் தேர்ந்தால் வகை 0 ஆகவும், பல பகுதிகளைத் தேர்ந்தால் வகை 1 ஆகவும் சேமிக்கப்படும். அதே நிறுவனத்தின் எளிய மென்பொருளான கராஜ்பேண்டில் நேரடியான மிடி ஏற்றுமதிக் கட்டளை இல்லை. அதன் திட்டத்தை லாஜிக் புரோவில் திறந்து ஏற்றுமதி செய்வதே வழக்கம்.

கியூபேஸ்: 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'மிடி ஃபைல்'. தொடரும் பெட்டியில் ஒலியளவு, தானியக்க மாற்றங்கள், குறியிடங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பதா, வகை 0 வேண்டுமா, டிக் எண்ணிக்கை எவ்வளவு என்பவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரீப்பர்: 'ஃபைல்' பட்டியில் 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட் மிடி'. முழுத் திட்டமா, தேர்ந்த பகுதி மட்டுமா, வகை 0 அல்லது 1, வேக விவரத்தைச் சேர்ப்பதா என்னும் தேர்வுகள் ஒரே பெட்டியில் இருக்கும். வேக விவரத்துக்கான கட்டத்தைக் குறிக்க மறக்கலாகாது.

புரோ டூல்ஸ்: 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'மிடி'. உடனிகழ் மாற்றங்களைக் கோப்பில் சேர்க்கும் தேர்வும் இங்கே உண்டு.

எல்எம்எம்எஸ், மியூஸ்ஸ்கோர்: இவ்விரண்டும் இலவச மென்பொருள்கள். இரண்டிலும் 'ஃபைல்' பட்டியிலேயே ஏற்றுமதிக் கட்டளை உண்டு. மியூஸ்ஸ்கோரில் மறுவாசிப்புக் குறிகளை விரித்து எழுதுவதா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்.

கமகங்களும் பிட்ச் பெண்டும்

மிடியின் சுர எண்கள் பியானோவின் விசைகளை ஒட்டியவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அரைச்சுர இடைவெளி. கருநாடக இசையின் கமகங்கள் இவ்விடைவெளிகளுக்கு நடுவே இயங்குபவை. அவற்றை மிடியில் எழுதப் பிட்ச் பெண்ட் கட்டளையே பயன்படுகிறது. அதன் மதிப்பு 0 முதல் 16383 வரை செல்லும், நடுநிலை 8192.

இந்த எண் எத்தனை அரைச்சுரத்தைக் குறிக்கும் என்பது பெறும் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. பொதுவாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். அவ்வமைப்பில் ஓர் அரைச்சுரம் உயர்த்த 12288 என்று எழுதப்படும். அதே கோப்பை மேலும் கீழும் 12 அரைச்சுரம் என அமைத்த கருவியில் திறந்தால், 12288 என்பது ஆறு அரைச்சுரத்தைக் குறித்துவிடும். சட்சமத்திலிருந்து சுத்த ரிஷபத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டிய வளைவு, பிரதி மத்தியமத்தைத் தொட்டுத் திரும்பும். மாறாக, 12 அரைச்சுர அமைப்பில் எழுதியதை 2 அரைச்சுர அமைப்பில் திறந்தால் கமகம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, சுரம் தட்டையாகக் கேட்கும். சுரங்கள் சரியாக இருந்தும் இராகம் கெட்டுப்போகும் இடம் இது.

இதைத் தவிர்க்க, பிட்ச் பெண்ட் எல்லையை அறிவிக்கும் கட்டளைகளைத் தடத்தின் தொடக்கத்திலேயே எழுதலாம். 101, 100 ஆகிய எண்ணுடைய கட்டுப்பாடுகளுக்கு 0 என்னும் மதிப்பைக் கொடுத்து, 6ஆம் எண் கட்டுப்பாட்டில் அரைச்சுர எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் இதை மதிப்பதில்லை என்பதால், கோப்பின் பெயரிலோ உடன் அனுப்பும் குறிப்பிலோ எல்லையை எழுதிவிடுவது மேலும் நல்லது.

பிட்ச் பெண்ட் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைக்கும். எனவே கமகத்துடன் செல்லும் மெட்டும், வளையாமல் நிற்க வேண்டிய சுருதிச் சுரமும் ஒரே சேனலில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்கும் எம்பிஇ என்னும் முறை 2018இல் தரமாக ஏற்கப்பட்டது. அம்முறையில் வாசித்ததை ஏற்றுமதி செய்யும்போது சேனல்களை ஒன்றாகச் சேர்த்துவிடலாகாது.

அடிக்கடி நேரும் குறைகளும் தீர்வும்

தாளக்கருவிகள் பியானோவாக ஒலித்தல்: ஜெனரல் மிடியில் தாளக்கருவிகளுக்கு 10ஆம் சேனல் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் 36 பேஸ் டிரம், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட். எஃப்எல் ஸ்டுடியோவில் ஒவ்வொரு தாள ஒலியையும் தனிச் சேனலில் வைத்து அடிப்பது வழக்கம். அப்போது எல்லாமே 60ஆம் சுரமாகவே பதிவாகும். ஏற்றுமதிக்கு முன்னரோ பின்னரோ அவற்றை உரிய எண்களுக்கு நகர்த்தி 10ஆம் சேனலில் சேர்க்க வேண்டும்.

ஸ்தாயி மாறியதுபோல் தோன்றுதல்: 60ஆம் சுரத்தைச் சில மென்பொருள்கள் சி3 என்றும், சில சி4 என்றும், எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்றும் எழுதிக் காட்டும். பெயர்தான் வேறு, சுரம் ஒன்றே. திருத்துவதற்கு முன் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கருவி எண் ஒன்று தள்ளிப்போதல்: ஜெனரல் மிடிப் பட்டியலில் சிதார் 105, ஷெனாய் 112. கோப்புக்குள் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் சில மென்பொருள்கள் சிதாரை 104 என்று காட்டும். வீணை, நாகசுரம், மிருதங்கம் ஆகியவற்றுக்கு அப்பட்டியலில் இடமில்லை. அக்கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால் தடப்பெயரில் குறிப்பிட வேண்டும்.

அடிச்சுரத்தில் தேவையற்ற ஒலிகள்: பெரிய ஒலிநூலகங்களில் வயலினை வில்லால் இழுப்பதா, விரலால் சுண்டுவதா என்பதை மாற்ற, ஒலியெழுப்பாத சில விசைகள் பயன்படுகின்றன. அவையும் சுரங்களாகவே ஏற்றுமதியாகும். வேறு கருவியில் அவை உறுமலாகக் கேட்கும். நகலில் அவற்றை நீக்கிவிடலாம்.

கோப்பு வெறுமையாக இருத்தல்: பகுதிகளைத் தேர்வு செய்யாமல் கட்டளை கொடுத்திருக்கலாம், தேர்ந்த தடம் ஒலிப்பதிவுத் தடமாக இருக்கலாம், எஃப்எல் ஸ்டுடியோவாயின் ஆயத்தக் கட்டளை விடுபட்டிருக்கலாம்.

சரிபார்த்தல்

ஏற்றுமதி செய்த அதே மென்பொருளின் புதிய வெற்றுத் திட்டத்தில் கோப்பைத் திறந்து பார்ப்பது முதல் சோதனை. வேறொரு மென்பொருளில் திறப்பது இரண்டாம் சோதனை. தொடர்பில்லாத மென்பொருள் ஒன்றில் சரியாகத் திறந்தால்தான் கோப்பு பொதுவானது என்று கொள்ளலாம். தடங்களின் எண்ணிக்கை, பாடலின் மொத்த நீளம், வேகம், முதல் சுரமும் இறுதிச் சுரமும் நிற்கும் இடம், பிட்ச் பெண்ட் வளைவுகள் ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும்.

உரிமை

ஒலி இல்லை என்பதால் மிடி கோப்புக்குப் பதிப்புரிமை பொருந்தாது என்று சிலர் கருதுவது தவறு. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957 இசைப் படைப்பை ஒலிப்பதிவிலிருந்து வேறாகப் பாதுகாக்கிறது. இசையின் எழுத்துக்குறிப்பும் அதில் அடங்கும். பிறருடைய மெட்டை மிடியாக எழுதிப் பொதுவெளியில் பரப்ப, அம்மெட்டுக்கு உரியவரின் இசைவு வேண்டும். படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நீடிக்கும்.

பாதுகாத்து வைத்தல்

மிடி கோப்பு மட்டும் இருந்தால் மெட்டு எஞ்சும். ஒலியின் நிறம் எஞ்சாது. ஒலிப்பதிவு மட்டும் இருந்தால் ஒலி எஞ்சும். ஒரு சுரத்தைக்கூட மாற்ற முடியாது. எனவே ஒரு பாடல் முடிந்ததும் மூன்றையும் ஒரே உறையில் வைப்பது நல்லது: மென்பொருளின் திட்டக் கோப்பு, வகை 1 மிடி கோப்பு, ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனி வேவ் ஒலிப்பதிவு. அவற்றுடன் சுருதி, வேகம், தாளம், பிட்ச் பெண்ட் எல்லை, பயன்படுத்திய கருவிகளின் பெயர் ஆகியவற்றை எழுதிய சிறு உரைக் கோப்பையும் சேர்க்க வேண்டும். 2020இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 தரம் வெலாசிட்டியையும் பிற கட்டுப்பாடுகளையும் மேலும் நுட்பமான அளவுகளில் குறிக்க வழிசெய்கிறது. பழைய மிடியுடன் ஒத்துப்போகும்படியே அது வகுக்கப்பட்டுள்ளது. எனவே இன்று ஏற்றுமதி செய்யும் கோப்பு வீணாகாது. இவ்வேலைக்குச் செலவாகும் நேரம் பாடல் ஒன்றுக்குச் சில நிமிடங்களே. அதைப் பாடல் முடிந்த அன்றே, எல்லாக் கருவிகளும் ஒழுங்காகத் திறக்கும் நிலையிலேயே செய்துவிட வேண்டும்.